முட்டைக்கோஸ் இலையில் ஒரு தெவசம்

1

போன வாரம் எங்கள் வீட்டில் தெவசம். என் மாமனார் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து வீட்டில், என் கொழுந்தனார் ஐயரை வைத்து முறையாகச் செய்திருப்பார். இங்கிலாந்தின் வடக்கே, பெயர் சொன்னாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்காத ஓர் ஊரில், நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்தோம். அன்று நடந்ததை ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொன்னால் பாதி புரியும், இங்கே இருக்கிறவர்களுக்குச் சொன்னால் மற்ற பாதி புரியும். இரண்டும் புரிந்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் லீவு கிடைத்த கதை. என் வீட்டுக்காரர் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவர். அப்பா இறந்ததற்காக ஒரு நாள் லீவு வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் குழம்பிப் போனார். உங்கள் அப்பா போன குளிர்காலத்திலேயே இறந்துவிட்டாரே, நாங்கள்கூட அனுதாப அட்டை கொடுத்தோமே என்றாராம். இவர் விளக்கினார். அப்படியென்றால் வருஷா வருஷம் அதே தேதிதானே, குறித்துக்கொள்கிறேன் என்றார் மேலாளர். இல்லை, தேதி மாறும், நிலவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று இவர் சொல்ல, இறந்த தேதி எப்படி மாறும் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். கடைசியில் மேலாளர், இதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள முடியாதா என்று மெதுவாகக் கேட்டாராம்.

"யார்கிட்டம்மா கேட்டு மாத்தறது" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

போன வருஷம் தந்தி வந்தபோது எங்கள் மகள் மீனா நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மூத்த பிள்ளை இங்கே இருக்க, இளையவர் கொள்ளி வைத்தார். கருமாதிக்கும் இவர் போகவில்லை. அதைப் பற்றி ஒரு வருஷமாக இவர் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

2

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்றதும் கத்திரிச் செடியையும் அவரைப் பந்தலையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேண்டுமென்றே கேட்பாரற்று விடப்பட்ட இடம். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்த முதல் வருஷம் இலையெல்லாம் கொட்டி மலைபோல் கிடந்தது. விடிந்ததும் வாசல் பெருக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா? இரண்டு நாள் மெனக்கெட்டுச் சுத்தமாகப் பெருக்கி, ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தப் போனேன். பக்கத்து வீட்டு மிஸஸ் வார்ட் வேலியோரம் ஓடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருக்கிறார். அந்த இலைக்கு அடியில் முள்ளெலி தூங்கும், பட்டுப்போன கட்டையில் பூச்சி இருக்கும், பூச்சியைத் தின்னப் பறவை வரும், தயவுசெய்து அப்படியே விட்டுவிடு என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தத் தோட்டத்துக்கு நான் எதுவும் செய்வதில்லை. பார்ப்பது மட்டும்தான். சமையலறைக் கழுவுதொட்டிக்கு மேலே ஒரு ஜன்னல். குளிர்காலத்தில் மரமெல்லாம் மொட்டையாகிவிடுவதால் எதுவும் ஒளிய முடியாது. மிஸஸ் வார்ட் ஒரு வலைப்பையில் வேர்க்கடலை கட்டித் தொங்கவிடுவார். கட்டைவிரல் அளவு நீலக் குருவிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைக் கொத்தும். நெஞ்சு மட்டும் செங்கல் நிறத்தில் ஒரு குருவி இருக்கிறது. தனி ஆள். தன் இனத்தில் இன்னொன்று வந்தால் விரட்டி விரட்டி அடிக்கும். உருண்டையாக இருக்கிறதே, சாதுவாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

அணில்களும் உண்டு. சாம்பல் நிறம், பூனைக்குட்டி அளவு, வாலைப் பார்த்தால் பாட்டில் கழுவும் பிரஷ்தான். முதுகில் கோடு கிடையாது. மீனா பள்ளிக்கூடத்துக்கு அணில் படம் வரைந்தபோது நான் பழக்கதோஷத்தில் மூன்று கோடு போடச் சொல்லிவிட்டேன். டீச்சர் இது என்ன என்று கேட்டிருக்கிறாள். இவள் அங்கேயே ரப்பரால் அழித்துவிட்டு வந்து, "எல்லாத்தையும் நீ அந்த ஊர்ல இருக்கற மாதிரியே சொல்றே" என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். அவள் இப்போது கோபப்படுவதும் இங்கிலீஷில்தான்.

காக்கை ஒன்று இருக்கிறது. ஒரு ஜோடி என்றும் சொல்லலாம், ஆனால் ஒன்றுதான் இறங்கும். நம் ஊர்க் காக்கை போல் கழுத்தில் சாம்பல் கிடையாது, முழுக் கறுப்பு, அண்டங்காக்கை மாதிரி. எதிர்வீட்டுப் புகைபோக்கி மேல் உட்கார்ந்திருக்கும். நம் ஊர்க் காக்கை, கையிலிருக்கிற முறுக்கைப் பிடுங்கிக்கொண்டு போகும். இது மகா சந்தேகப் பிராணி. தோட்டத்தில் ஆள் நின்றால் வராது. ஜன்னலில் நான் கையைத் தூக்கினால்கூடப் போய்விடும். கதவு சாத்தி, தோட்டம் அடங்கி, குருவிகளெல்லாம் இறங்கிய பிறகுதான் இறங்கும். இரண்டு குளிர்காலம் பார்த்துப் பார்த்து எனக்கு இது மனப்பாடம்.

3

இளைய தலைமுறைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கருமாதி அன்று ஆற்றங்கரையில் சோற்றை வைத்துக் காக்கையைக் கூப்பிடுவோம். வந்து எடுத்தால் இறந்தவர் மனநிறைவோடு போய்விட்டார் என்று அர்த்தம். வரவில்லையென்றால் அவருக்கு ஏதோ குறை. அப்போது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வாக்குக் கொடுப்பார்கள். அந்தக் கடனை நான் அடைக்கிறேன், உன் தங்கச்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. எந்த வாக்குக்குக் காக்கை இறங்குகிறதோ அதுதான் அவர் மனசில் இருந்த குறை.

என் அம்மா இறந்தபோது நான் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். வேகவதி ஆற்றங்கரையில் சோறு வைத்தார்கள். காக்கைகள் பனைமரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு ஒன்றுகூட அசையவில்லை. அப்பா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்றார். அதற்கும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. கடைசியில் என் சித்தி, "மாமா, பொண்ண பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்த மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். வீட்டில் நான்கு தறி ஓடிக்கொண்டிருந்தது. தார் சுற்ற, அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குப் பட்டுநூலைக் குழலில் சுற்றித் தர, அம்மா இல்லாத இடத்தில் நான்தான் உட்கார வேண்டும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னார். காக்கை இறங்கியது.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று தெருவில் யார் கேட்டாலும், "காக்கா எதிர்ல சொன்னதுபா, மாத்த முடியாது" என்பார். நான் பதினோராவது முடித்தேன். அந்தப் படிப்பை வைத்துத்தான் இங்கே வந்த பிறகு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் உதவியாளாகச் சேர்ந்து, மாலையில் படித்துப் பரீட்சை எழுதி, இன்றைக்கு ரத்தம் தடவிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து இன்னது என்று சொல்கிற வேலையில் இருக்கிறேன். காக்கையிடம் கொடுத்த வாக்கை நான் வேடிக்கையாக நினைக்காததற்கு இதுதான் காரணம். என் வாழ்க்கையே அப்படி ஒரு வாக்கில் நடக்கிறது.

4

தெவசத்தன்று மீனாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். போகும்போது, நீங்கள் செத்துப் போனால் நானும் காக்கைக்குத்தான் வைக்க வேண்டுமா, அந்தச் சிவப்பு நெஞ்சுக் குருவிக்கு வைக்கக் கூடாதா என்று கேட்டாள். நான், "வெச்சிக்கலாம்மா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றேன்.

தலைக்குக் குளித்துச் சமைத்தேன். ஜமைக்காக்காரர் கடையில் வாழைக்காய் கிடைத்தது. வடை சுட்டேன், பாயசம் வைத்தேன். வாழை இலைக்குத்தான் வழியில்லை. தட்டில் வைக்க இவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் முட்டைக்கோஸின் மேல் இலை, பச்சையாக, நரம்பு நரம்பாக, பெரிதாக ஒன்று அகப்பட்டது. அதைக் கழுவி அதில் சோறு, பருப்பு, நெய், வடை எல்லாம் வைத்தோம். இவர் வேட்டி கட்டி, அதன் மேல் ஓவர்கோட் போட்டுக்கொண்டு, வெறும் காலோடு தோட்டத்துக்குப் போனார். புல்லெல்லாம் உறைந்து வெளுத்திருந்தது. சோற்றிலிருந்து கிளம்பிய ஆவி கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

"கா... கா..." என்று கூப்பிட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருக்கும்போது, காக்கை மேலே உட்கார்ந்து பட்டைக் கெடுத்துவிடும் என்று ஒருவர் கழியோடு நின்று விரட்டுவார். அதே காக்கையை மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிட்டால் மானரோஷம் பார்க்காமல் வரும். இங்கே இவர் கூப்பிடக் கூப்பிட, புகைபோக்கியில் இருந்த காக்கை எழுந்து பின்னால் இருந்த மரத்துக்குப் போயிற்று. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அது அடுத்த தெரு மரத்துக்குப் போயிற்று. அணில் ஒன்று வேலி மேல் ஓடி வந்து, இலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போயிற்று. இவர் கையை வீசி விரட்டினார்.

அந்தத் தெருவில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. மிஸஸ் வார்ட் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சட்டென்று வந்த இங்கிலீஷில், அவருடைய அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. மிஸஸ் வார்ட் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்கப் பூனையை வெளியே விடவில்லை.

நேரம் ஆகிக்கொண்டே போயிற்று. இவர் முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது இவர் குரல் மாறியது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அம்மா கண்ணுக்கு ஆப்பரேசன் பண்ண வெக்கிறேன்பா. மெட்ராஸுக்கு இட்டுக்கினு போகச் சொல்றேன். எடுத்துக்கோ."

காத்திருந்தார். அடுத்த தெரு மரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி அசையவில்லை.

"வீட்டுல பங்கு கேக்க மாட்டேன்பா. தம்பியே வெச்சிக்கட்டும்."

கருமாதிக்கு நிற்காத குறைக்கு இப்போது நிற்கிறார் என்று புரிந்தது. அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பதும் புரிந்தது. நாங்கள் புறப்பட்ட நாள் என் மாமனார் ரயிலடியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வந்துடணும் என்று. இவர் நின்றுகொண்டே இருந்தால் காக்கை வராது. வராவிட்டால் அந்த வாக்கும் வாயிலிருந்து வந்துவிடும்.

"ஏங்க, உள்ள வாங்க. நீங்க நின்னுக்கினு இருக்கற வரைக்கும் அது எறங்காது. இந்த ஊருக் காக்கா அப்படித்தான்."

"அப்பா எடுக்காம நான் எப்படி உள்ள வர்றது."

"கதவ சாத்தினா தானா வரும். நான் தெனம் பாக்கறேன்."

இவர் திரும்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த தெரு மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வந்துடறேன்பா. இவங்கள இட்டுக்கினு வந்துடறேன். மீனா பெரியவளாவறதுக்குள்ள ஊருக்கு வந்துடறேன். எடுத்துக்கோபா."

அதற்கு மேல் நிற்க அவர் காலுக்குத் தெம்பில்லை. உள்ளே வந்தார். நான் கதவைச் சாத்தினேன். வெந்நீரில் துண்டை நனைத்து அவர் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் நிழல் ஓடியது. காக்கை வேலியில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இறங்கியது. முதலில் மிச்சமிருந்த வடை. அப்புறம் சோறு.

"சரசு, வந்துடுச்சி பாரு" என்றார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதார். தந்தி வந்தபோது அழாதவர், ஒரு வருஷத்துக்குப் பிறகு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

5

சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கினார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. இந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டாம், சும்மா இருந்துவிடு என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் பேசாமல் இருந்தால் என் மகளையும் என்னையும் அந்தச் சோற்றோடு சேர்த்து வைத்துக் கொடுத்தது போல ஆகிவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னேன்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. நீங்க சொன்னதுக்கு அது வரல. கதவ சாத்தினதுக்கு வந்துது."

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"காலைல ஷூ மாட்டிக்கினே நானுந்தான் இந்த ஜன்னல்ல பாக்கறேன். ஆளு இருந்தா அது எறங்காது."

"தெரிஞ்சிக்கினே எதுக்கு அம்மாம் நேரம் குளிர்ல நின்னீங்க?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஈரம் போன பிறகும் துடைத்தார்.

"உங்கிட்ட நேரா சொல்ல வாய் வரல, சரசு. அங்க நின்னாதான் வருது."

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"உங்க அப்பாகிட்ட சொல்லிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

கல்யாணத்தின்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்குப் புறப்பட்டபோதும், வேலை கிடைத்துவிட்டது, மூட்டை கட்டு என்றுதான் சொன்னார்கள். அதையெல்லாம் நான் குறையாக நினைத்ததில்லை, அப்போது யாருக்கும் அப்படித்தான். இதுவரை என்னை ஒன்றும் கேட்டதில்லை என்பது அவருக்கும் அப்போது உறைத்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, கேக்கறேன். வர்றியா?"

கேட்டுவிட்டார். வேண்டாம் என்பது ஒரு வருஷமாக என் தொண்டையில் தயாராக இருந்தது. ஆனால் கேட்ட பிறகு சொல்வது சுலபமாக இல்லை. அவர் முகம் பதிலுக்காகக் காத்திருந்த விதம் அப்படி.

"இல்லீங்க. நான் வரல" என்றேன். "அங்க யார் மேலயும் எனக்குக் குறையில்ல. ஆனா அங்க வந்தா நான் இன்னா செய்வேன்? தார்தான் சுத்தணும். எங்கப்பாவும் ஒரு காக்கா எதிர்ல சொல்லித்தான் என்ன படிக்க வெச்சாரு. அத இப்ப வீணாக்க என்னால முடியாது. மீனாவுக்கும் அங்க ஒட்டாது. நீங்க போய்ப் போய்ப் பாத்துட்டு வாங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவர் மறுத்துப் பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு எழுந்து ஓவர்கோட்டை மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"அப்பாகிட்ட சொன்னத மாத்தணும்ல. நான்தான் போய்ச் சொல்லணும்."

கதவைத் திறந்துகொண்டு போனார். அவர் கால் வைத்ததும் காக்கை எழுந்து பறந்துவிட்டது. கிழிந்து கிடந்த முட்டைக்கோஸ் இலைக்கு முன்னால் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பேசவில்லை. பேச முயற்சி செய்கிறார் என்பது தோள் ஏறி இறங்கியதில் தெரிந்தது. அவர் சொல்ல வேண்டிய வார்த்தை என்னுடையது, அதை அவர் வாயால் சொல்ல வைக்கிறேன் என்று எனக்கு அப்போது பட்டது.

என் மாமனார் உயிரோடு இருந்தவரை நான் அவரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. எங்கள் வீடுகளில் மருமகள் அப்படிப் பேசுகிற வழக்கமில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, மாமியாரிடம் சொல்வது போலச் சொல்வேன். அவரும் மாமியாருக்குப் பதில் சொல்வது போல எனக்குச் சொல்வார். நல்ல மனிதர். ஒரு நாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை.

நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். செருப்பை உள்ளேயே விட்டுவிட்டேன். உறைந்த புல் காலில் குத்தியது. அவர் பக்கத்தில் போய் நின்று, முக்காடு போடாமல், தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

"மாமா, வரலன்னு சொன்னது நான்தான். கோவிச்சிக்கணும்னா என்ன கோவிச்சிக்குங்க. இவர ஒண்ணும் சொல்லாதீங்க."